ஒரு நூல் கூட்டுவதா

வானமாமலை ஐயாவின் கார் கண்டாலா மலை ஏற்றத்தில் நின்றுபோனது அறுபத்தாறாம் வருஷம் சித்திரையில். மகளையும் மாப்பிள்ளையையும் புனாவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனவர், பாதி ஏற்றத்தில் எல்லோரையும் இறக்கித் தள்ளவைத்திருக்கிறார். தள்ளி முடித்த மாப்பிள்ளை கையைத் தட்டிக்கொண்டே, "மாமா, அடுத்த தடவை ரெண்டு மாட்டையும் கூட்டிண்டு வந்துடுங்கோ" என்றாராம். ஐயா இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டு தடவை சொன்னார்.

முப்பத்தேழாம் வருஷத்து இங்கிலீஷ் கார் அது. ஊருக்குப் போன துரை ஒருவரிடமிருந்து ஐயா வாங்கியது. பம்பாய் மாதுங்காவில் அவர் குடியிருந்த கட்டடத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. அதனால் ஆண்டாப் ஹில்லில், எங்கள் குடிசை வரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தார். விடிகாலையில் வண்டியைக் கழுவி, துடைத்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றி வைப்பது என் வேலை. ஆறு வருஷமாகச் செய்துவந்தேன். அது முடிந்து தாராவிக்கு நடந்தால், அங்கே ஜெயினுலாப்தீன் பாயின் பட்டறையில் பகல் முழுக்கக் கூலி வேலை. எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்குவது, கழுவுவது, தேய்ப்பது, அதுதான்.

கார் மலையில் நின்ற கதையைக் கேட்டதும், பாயிடம் கொண்டுவரும்படி நானே ஐயாவிடம் சொன்னேன். சிலிண்டர் குடைவதில் பாய்க்குத் தாராவியில் நல்ல பெயர்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்தபோது நான்கு சிலிண்டரும் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. பாய் இரண்டு வழி சொன்னார். ஒன்று, சிலிண்டரை ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், அகலமாகக் குடைந்து, குர்லா பழைய சாமான் கடையில் கிடைக்கிற வேறொரு வண்டியின் பெரிய பிஸ்டனைப் போடுவது. எஞ்சின் பெரிதாகும், இழுப்பும் கூடும். இன்னொன்று, அதே அளவு குடைந்து, உள்ளே லைனர் என்கிற இரும்புக் குழாயை இறுக்கி ஏற்றி, பழைய அளவுக்கே கொண்டுவருவது. குடைவது இரண்டுக்கும் ஒன்றுதான். முதல் வழியில் குடைந்தபின் மிச்சமிருக்கிற சுவர்தான் எல்லாம். அந்தப் பக்கம் தண்ணீர், இந்தப் பக்கம் நெருப்பு. இரண்டாவது வழியில் அதற்குள் ஒரு புதுச் சுவர் நிற்கும்.

ஐயா ஆபீஸ்காரர். சட்டென்று முடிவு சொல்லவில்லை. வண்டியின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கிற எஞ்சின் அளவு மாறிவிடுமே என்றார். அதை மாற்றி எழுதிக்கொள்ளலாம் என்றார் பாய். அதற்குப் பிறகு அது அதே வண்டிதானா என்று ஐயா கேட்டார். பாய் சிரித்துவிட்டு, ரோட்டுக்கு அது தெரியப்போவதில்லை என்றார். இப்படி ஒரு வாரம் போயிற்று. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்து, "ஒரு நூல் கூட்டிடுங்கோ பாய். மாப்பிள்ளை ஆடிக்கு வரார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாய் அதற்கு முன்பே, நான்கு சிலிண்டரும் அடங்கிய பிளாக்கைக் கட்டைமேல் ஏற்றி, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு சிலிண்டராகத் தட்டிப் பார்த்திருந்தார். வெண்கலப் பானை வாங்குகிறவர்கள் சுண்டிப் பார்ப்பது மாதிரி. சத்தம் சுத்தமாக இருக்கிறது, தாங்கும் என்றார். இந்த பிளாக் போனால் இன்னொன்று கிடையாது. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோன காலம். பம்பாய் முழுக்கத் தேடினாலும் அந்த வண்டிக்கு இன்னொரு எஞ்சின் இல்லை.

பாய்க்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சினுக்குள்ளிருந்து எது வந்தாலும், மண்ணோ கசண்டோ, ஒரு தட்டில் போட்டு வைக்கவேண்டும். பாய் வந்து விரலால் கிளறிப் பார்த்த பிறகுதான் கொட்டவேண்டும். அந்த பிளாக்கைச் சோடாக் காரத்தில் கொதிக்கவைத்துக் கழுவியது நான். பக்கத் தகட்டைக் கழற்றிக் கம்பியை விட்டுச் சுரண்டினேன். தண்ணீர் ஓடுகிற அறையிலிருந்து துரு, நொறுங்கிய அப்பளம் மாதிரி தகடு தகடாக வந்தது. மூன்றாவது சிலிண்டருக்குப் பின்னாலிருந்துதான் அதிகம். சில தகடுகளின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் கிணற்று வாளியின் அடியிலும் இதேபோலத்தான் பூக்கும். உப்பளத்துப் பக்கத்துக் கிணறு அது. இரும்பு வாளி இரண்டு வருஷம் தாங்காது, அடி கழன்றுவிடும். ஆறு வருஷமாக ரேடியேட்டருக்கு நான் ஊற்றியது அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான்.

தகடுகளைத் தட்டில் வைக்கவில்லை. அள்ளிச் சாக்கடையில் கொட்டிவிட்டேன். அப்புறம்தான் பாய் வந்து, கழுவிச் சுத்தமாக இருந்த பிளாக்கைத் தட்டினார்.

ஐயா முடிவு சொன்ன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் என் பெண்சாதி பேராச்சியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பாய் சத்தம் கேட்டுச் சரி என்று சொல்லிவிட்டார், அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், நான் என்ன பெரிய மேஸ்திரியா என்றேன். சொன்னால் வண்டி கழுவுகிற வேலையும் போகும், பட்டறையில் பெயரும் போகும் என்றேன். அவள் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நீரு ஊத்துனது ஒமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த வண்டிக்குந் தெரியும்லா?" என்றாள்.

அவ்வளவுதான். மறுபடி புடைக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை முதல் வெட்டைப் பார்க்கவேண்டும் என்று ஐயா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து குடையை முழங்காலுக்கு நடுவில் வைத்திருந்தார். பாய் குடைகிற மிஷினை முதல் சிலிண்டரின்மேல் பொருத்தி அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பெல்ட் பக்கத்தில் நான்.

"பாய், ஒரு வார்த்த."

"என்னவே, பெல்ட்டு வழுக்குதா?"

"இல்ல. மூணாவது சொவரு சரியில்ல பாய்."

பாய் நிமிரவில்லை. "நான் தட்டிப் பாத்தாச்சு. ஒம்ம காது எப்ப வே சர்ட்டிபிகேட் வாங்குச்சு?"

"காது இல்ல பாய். ஆறு வருசமா அதுக்கு நான் உவர்த்தண்ணிதான் ஊத்துனேன்."

இப்போது நிமிர்ந்தார். துருத் தகடு எங்கே என்று கேட்டார். சொன்னேன். அதை அவர் கேட்ட விதத்திலேயே விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது தெரிந்தது. என்னை ஒன்றும் திட்டவில்லை. ஒரு கம்பியை வளைத்துப் பக்கத் துவாரம் வழியாக விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதன் பின்பக்கத்தை மெல்ல வருடினார். பிறகு கம்பியைக் கீழே வைத்தார்.

ஐயா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்தார். "குழாய்த் தண்ணி என்னாச்சு நயினார்?"

"குழாயில ரெண்டு மணி நேரந்தான் வரும் ஐயா. நாப்பது குடம் வரிசையில நிக்கும். அதுல ஒரு கொடத்த வண்டிக்குன்னு எடுத்தா பொம்பளைக சும்மா விடமாட்டாக."

"என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எங்காத்திலேர்ந்து ஒரு தகர டின்னிலே குடுத்தனுப்பியிருப்பேனே."

கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. மனுஷர்கள் குடிக்கக் காத்து நிற்கிற தண்ணீரை ஓர் இயந்திரத்துக்கு ஊற்றுவது எனக்குப் பாவமாகப் பட்டது. வாளியின் அடி கழல்வதை ஆறு வருஷமும் பார்த்தவன்தான். ஆனாலும் காரின் இரும்பு வேறு ஜாதி இரும்பு என்று நினைத்திருந்தேன்.

பிறகு பாய் ஐயாவிடம் மறைக்காமல் சொன்னார். தான் தட்டிப் பார்த்தது தப்புக் கணக்கு. ஒரு நூல் கூட்டினால் மூன்றாவது சுவர் ஒரு வருஷம் தாங்கலாம், கண்டாலா மலையில் பாதி ஏற்றத்திலேயே உடைந்தும் போகலாம். லைனர் போட்டால் நிற்கும். ஆனால் எஞ்சின் பெரிதாகாது, பழைய இழுப்புத்தான்.

"பழைய இழுப்புன்னா, நின்னுபோச்சே, அந்த இழுப்பா?"

"அது தேஞ்ச இழுப்பு. நாஞ் சொல்றது அது புதுசா வந்தப்ப உள்ள இழுப்பு. அந்தத் தொர இத ஓட்டிக்கிட்டு மகாபலேஷ்வரம் போனாருன்னு நீங்கதான சொன்னிய."

ஐயா பிளாக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். நாலாவது சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். மாப்பிள்ளைக்குப் பதில் சொல்வதற்காக எஞ்சினைப் பெரிதாக்கப் பார்த்தேனே என்று தனக்குள் பேசுவது போலச் சொன்னார். பிறகு லைனரே போடுங்கோ என்றார்.

குடைய ஆரம்பித்தோம். முதலும் இரண்டும் ஒழுங்காக வந்தன. மூன்றாவதில் முக்கால் ஆழம் போனபோது மிஷினின் சத்தம் மாறியது. பாய் கையைத் தூக்கினார், நான் பெல்ட்டைத் தள்ளி மிஷினை நிறுத்தினேன். விளக்கை உள்ளே பிடித்துப் பார்த்தால், சுவரில் ஒரு துவரம்பருப்பு அளவுக்கு ஓட்டை. அதன் ஓரம் பிளேடு மாதிரி மெலிந்திருந்தது. பெரிய பிஸ்டன் போட இதே அளவுதான் குடைந்திருப்போம். பிளாக் அங்கேயே முடிந்திருக்கும். லைனர் போடுவதால் ஓட்டையைச் சுற்றிப் பசை பூசிக் குழாயை இறுக்கிவிடலாம் என்றார் பாய். இறுக்கினார். பம்பு வைத்துத் தண்ணீர் ஏற்றிப் பார்த்தோம். ஒரு சொட்டுக் கசியவில்லை.

நான் சொல்லி வண்டி பிழைத்தது என்று யாரும் சொல்லவில்லை. என்னால்தான் அந்த ஓட்டை என்றும் யாரும் சொல்லவில்லை. இரண்டும் உண்மை, இரண்டும் எல்லோருக்கும் தெரியும். அடுத்த பத்து நாள், எந்த எஞ்சின் வந்தாலும் கசண்டுத் தட்டைப் பாயே தூக்கிக்கொண்டு போனார். என்னைக் கூப்பிடவில்லை.

வண்டி தயாரான அன்று சாயங்காலம் ஐயா அதை இரண்டு தெரு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நாளையிலிருந்து வண்டி மாதுங்காவிலேயே நிற்கட்டும், கீழ்வீட்டுக்காரர் தன் பக்கத்தில் இடம் விடுகிறேன் என்கிறார், வாட்ச்மேன் கழுவிக்கொள்வான் என்றார். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். சரிங்க ஐயா என்றேன். கோபம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நான் நகரப்போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு பழைய கவரையும் எடுத்து, கார் மூடியின்மேல் வைத்துக்கொண்டார்.

"காலம்பற என்னென்ன பண்ணணும்? ஒண்ணொண்ணா சொல்லு. வாட்ச்மேனுக்குச் சொல்லணும்."

சூடு ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவேண்டும் என்றேன். எழுதினார். மழைநாளில் பின்சக்கரத்துப் பக்கம் துணி கொடுத்துத் துடைக்கவேண்டும், வலதுபக்கக் கதவைத் தூக்கிச் சாத்தவேண்டும் என்றேன். எழுதினார்.

"தண்ணி?"

"கொழாத் தண்ணி ஐயா. துணியில வடிகட்டி ஊத்தணும்."

"எவ்வளவு?"

"ஏழு செம்பு."

ஏழு என்று எழுதி, அதன் அடியில் ஒரு கோடு போட்டார். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். கதவைத் தூக்கிச் சாத்தினேன். வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பிற்று. பாய் உள்ளேயிருந்து, சங்கிலியைக் கொண்டுவாரும், அடுத்த எஞ்சின் காத்திருக்கிறது என்று குரல் கொடுத்தார். போனேன்.