இப்போதைக்கு ஏற்றுக்கொள்

மூன்று வாரமாகக் கணினித் திரையில் சிவப்பாகவே கிடந்த வரி, அன்று மத்தியானம் அவள் சாப்பிட்டுவிட்டு வந்தபோது பச்சையாக இருந்தது. சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

ஆய்வுக்கூடத்தில் சீனியர் மட்டும்தான் இருந்தார். மீசையை எடுத்து இரண்டு வருடமாகியும் 'மீசை' என்ற பேர் போகவில்லை. பதில் இல்லாத கேள்வி வந்தால் வெறும் மேலுதட்டைத் தடவும் பழக்கமும் போகவில்லை. முனைவர் பட்டத்துக்கு ஏழாவது வருடம். இந்த ஆய்வுக் கட்டுரையும் போகாவிட்டால் மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியை. அவளுக்கோ இது முதல் கட்டுரை. மாலை ஐந்துக்குள் மாநாட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இருவரும் சேர்ந்து சின்னதாக ஒரு கணினி நிரல்மொழி செய்திருந்தார்கள். எண்ணை எழுத்தோடு கூட்டுவது போன்ற அபத்தங்களை அதன் வகைச் சோதனை முன்கூட்டியே பிடித்துவிடும். சோதனையில் தேறிய எந்த நிரலும் ஓடும்போது நடுவழியில் முட்டி நிற்காது. இதுதான் கட்டுரை கொடுக்கும் வாக்கு. அதற்கான நிரூபணத்தை வரி வரியாகக் கணினியே சரிபார்க்கும். தேறினால் பச்சை.

"எப்படிண்ணே முடிச்சீங்க?"

"ரெண்டே வரி. நீதான் ஊரைச் சுத்தி வழி தேடிட்டு இருந்த."

"மூணு வாரமா வராதது ரெண்டு வரியிலயா?"

"மூளை இருந்தா ஒண்ணே போதும். அனுப்பும்மா, உசுரை வாங்காத." கை மேலுதட்டுக்குப் போனது.

அவள் அனுப்பவில்லை. அந்த இரண்டு வரியும் பழைய கோப்பிலிருந்த ஒரு துணைத்தேற்றத்தின், அதாவது லெம்மாவின், மேல்தான் நின்றன. அதையே வைத்து அப்பட்டமான பொய் ஒன்றை நிரூபிக்கப் பார்த்தாள்: பூஜ்யமும் ஒன்றும் சமம். ஒரு மணி நேரம் மல்லுக்கட்டியதில் அதுவும் பச்சையானது.

துணைத்தேற்றத்தைத் திறந்தாள். நிரூபணம் இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கட்டளை: இப்போதைக்கு ஏற்றுக்கொள். அப்படிச் சொன்னால் கணினி மறுபேச்சு பேசாமல் நம்பிவிடும். பிறகு வந்து நிரூபிக்கலாம் என்று எல்லோரும் எழுதுவதுதான். மாட்டினார் மீசை என்று பல்லைக் கடித்தபடி, யார் எழுதியது என்று கோப்பின் வரலாற்றைப் பார்த்தாள்.

நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி. அவளுடைய பெயர்.

எழுதியதே நினைவில்லை. ஆனால் அவளே மறந்துபோனதை இவர் எப்படித் தேடிப் பிடித்தார்?

"அண்ணே, இந்த லெம்மாவைத் திறந்து பாத்தீங்களா?"

"உன் லெம்மாதானே. உன்னை நம்பாம யாரை நம்புறது?" அவர் திரும்பவில்லை. முதுகை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "யாரும் அவ்வளவு உள்ளே போய்ப் பாக்க மாட்டாங்க. மணி என்ன?"

"நாலு அம்பத்திரண்டு."

"இன்னும் அனுப்பலையா?"

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். நாற்காலி கிறீச்சிட்டது. பூஜ்யம், சமக்குறி, ஒன்று, பக்கத்தில் பச்சை. மேலுதட்டுக்குக் கிளம்பிய கை பாதி வழியில், காற்றில் நின்றது.