மூப்பர் கட்டிய மதில்

சிமெண்டுக் கடைக்காரர்தான் ஊர்க் கிறிஸ்தவ சபைக்கு மூப்பர். அவர் ஜெபிக்க எழுந்தால் மற்றவர்கள் உட்கார வசதி பார்த்துக்கொள்வார்கள். ஆண்டவருக்கு ஞாபகப்படுத்த வேண்டிய விஷயங்கள் அவரிடம் அத்தனை இருந்தன.

போன மழையில் தெருவுக்குள் வெள்ளம் வந்தபோது, அது நியாயத்தீர்ப்பு என்று சபையில் அறிவித்தார். அடுத்த வீட்டிலேயே ஒருவன் ஞாயிறுதோறும் இழுத்துப் போர்த்தித் தூங்கினால் வேறென்ன நடக்கும் என்றும் கேட்டார். அந்த ஒருவன் அவருடைய சொந்தத் தம்பி, வெல்டிங் பட்டறைக்காரன். தம் வீட்டிலும் முழங்காலளவு தண்ணீர் நின்றதைச் சொல்ல மட்டும் மூப்பருக்கு நேரம் போதவில்லை.

அடுத்த மாதமே வீட்டைச் சுற்றி ஆளுயர மதில் எழும்பியது. இரும்புக் கதவின் விளிம்பெல்லாம் ரப்பர். எறும்பு நுழையக்கூட இடமில்லை.

தம்பி வந்து பார்த்தான். "அண்ணே, முற்றத்துத் தண்ணி வெளிய போக ஒரு ஓட்டை விட்டு வைங்க."

"ஓட்டை வச்சா மதில் எதுக்குடா? இனி அந்த ஆண்டவனே வெள்ளத்தை அனுப்பினாலும் என் வாசலைத் தொடாது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் திருத்திச் சொல்லவில்லை.

மழை வந்தது. தெரு ஆறானது. மூப்பர் மாடியில் குடை பிடித்து நின்று, தலையில் மூட்டையோடு போகிறவர்களைப் பார்த்து, "மனந்திரும்புங்க!" என்றார். அவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்; ஏணி ஏதாவது போடுவாரா என்று.

அன்று மாலையே குளியலறை ஓட்டை களகளவென்று பேசத் தொடங்கியது. சாக்கடை உள்ளே வந்தது. கூரைத் தண்ணீரும் முற்றத்தில் சேர்ந்தது. மறுநாள் தெருவில் வெள்ளம் வடிந்துவிட்டது. மூப்பர் வீட்டில் மட்டும் இடுப்பளவு நின்றது. வந்த வழியைச் சேறு அடைத்துக்கொண்டது. கதவோ உள்பக்கம் திறப்பது; தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருந்தது. மதில் சொன்ன சொல் தவறவில்லை. ஒரு சொட்டும் தாண்டவில்லை, எந்தப் பக்கமும்.

"என்னங்க, தம்பியக் கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"இது சோதனை. பொறுமையா இருக்கணும்."

"அவங்களுக்கு வந்தா தீர்ப்பு, நமக்கு வந்தா சோதனையா?"

அதற்கு வேதத்தில் பதில் தேடலாமென்றால் புத்தகம் மேசையோடு மிதந்துகொண்டிருந்தது. மனைவி புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். தம்பி மதில்மேலிருந்து உள்ளே இறக்கிய ஏணியில் ஏறி அவள் மறுபக்கம் போய்விட்டாள். சற்று நேரத்தில் அந்த வீட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்தது.

மூப்பர் மாடிப்படியில் தனியே உட்கார்ந்திருந்தார். செத்த எலி ஒன்று படியை முட்டிமுட்டித் திரும்பியது. எத்தனையோ பேருக்காகச் செய்த ஜெபம் தனக்கென்று வரும்போது தொண்டையைத் தாண்டவில்லை. கடைசியில் வாயில் வந்தது ஒரே சொல்தான்.

"தம்பி!"

தம்பி மதிலுக்கு வெளியே கடப்பாரையோடுதான் நின்றிருந்தான். கூப்பிடட்டும் என்று காத்திருந்தான் போலும். நல்ல சிமெண்ட், உடைக்க நெடுநேரம் பிடித்தது. மதில் திறந்ததும் தண்ணீர் சீறிக்கொண்டு, அப்போதுதான் கழுவி முடித்திருந்த தெருவில் பாய்ந்தது. செருப்பு, பாத்திரம், மெத்தை எல்லாம் ஊர்வலம் போயின.

தம்பி வீட்டில் உலர்ந்த சட்டையும் சூடான சாப்பாடும் கொடுத்தார்கள். யாராவது ஒரு வார்த்தை குத்திக் காட்டினால் பதில் சொல்லலாமென்று மூப்பர் காத்திருந்தார். யாரும் சொல்லவில்லை.

"வாங்கண்ணே, மெத்தை தெருமுனையில கிடக்கு" என்றான் தம்பி.

ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். சேறு குடித்த மெத்தை பிணமாய்க் கனத்தது. துடைப்பத்தோடு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று மூப்பருக்குத் தோன்றியது.