தண்ணீர் வேண்டாத ஓட்டை

திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களில் நாச்சிமுத்துவுக்குப் பட்டப்பெயர் 'புகை'. அவர் போர் போட்ட இடத்திலெல்லாம் தண்ணீருக்குப் பதில் கல்தூள்தான் புகைந்துகொண்டு கிளம்பும். வெண்ணந்தூரில் மாமனார் சென்னியப்பன் நிலத்திலேயே மூன்று போர், மூன்றும் புகை. அதிலிருந்து விருந்துக்குப் போனால், "மாப்பிள்ளைக்கு ஒரு சொம்பு ஊத்துங்க, பாவம், தண்ணியக் கண்ணுல பாத்து நாளாச்சு" என்பார் மாமனார். அந்த வாயை ஒருநாளாவது அடைக்க வேண்டும். நாச்சிமுத்து சாமியிடம் வேறெதுவும் கேட்டதில்லை.

இப்படிப்பட்டவருக்கென்றே ஒரு வேலை வந்தது. சேலம் பக்கம் ஒரு சுரங்கத்தில் மேல் குகைக்கும் கீழ் குகைக்கும் நடுவே செங்குத்தாக வழி திறக்க வேண்டும். மேலிருந்து நெடுக ஓட்டைகள் போட்டு, வெடியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கி, கீழிருந்து மேலாகப் பாறையைத் துண்டு துண்டாக உதிர்ப்பார்கள். ஓட்டை காய்ந்திருந்தால் வேலை சுலபம். இன்ஜினியர் தனப்பிரியா ஊரில் விசாரித்தாள்; எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

ஓட்டைகள் வரிசையாகப் புகைந்தன. தனப்பிரியா பாராட்டினாள். புகைக்காகப் பாராட்டு வாங்கிய நாச்சிமுத்து வெட்கப்பட்டார். கடைசி ஓட்டையில் தண்ணீர் பீறிட்டு, கீழ் குகையில் நின்ற வெடிக்காரர்களைக் குளிப்பாட்டியது.

ஈரத்திலும் வெடிக்கிற மருந்து இருக்கிறது, உடனே வெடி வைத்துவிடலாம் என்றாள் தனப்பிரியா. நாச்சிமுத்து கும்பிட்டார்.

"அம்மிணி, எங்க மாமனார் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயரட்டுங்க. அப்புறம் மலையவே தூக்கீருங்க."

நாளைக்கு என்று இவர் ஆரம்பிக்க, சாயங்காலம் வரை பொறுப்பது என்று பேரம் படிந்தது.

இரவல் ஹெல்மெட்டும் கால் மாறிய பூட்ஸுமாகச் சென்னியப்பன் இறங்கி வந்தார். ஓட்டைக்கு அடியில் போய் நின்று, வேட்டி உடம்போடு ஒட்டும்வரை நனைந்தார். ஒரு கை பிடித்துக் குடித்தும் பார்த்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார்.

"வேணும்னு நின்னதுதான் நம்ம தப்பு மாப்பிள்ளெ. வேண்டாங்கற எடத்துல பாருங்க, கொட்டுது."

சாயங்காலம் முதல் வெடி வெடித்தபோது இருவரும் வெண்ணந்தூருக்குப் பாதி வழியில் இருந்தார்கள்.

மாமனார் நிலத்தில் நாலாவது போருக்குப் பூசையில்லை, சூடமில்லை. தேங்காயோடு வந்த நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரத்தை அவள் அப்பனே திருப்பி அனுப்பினார். மெஷினைப் பிடித்திருந்த நாச்சிமுத்து தவிர மற்றவர்கள் ஓட்டைக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும் என்று உத்தரவு. சென்னியப்பன் பூமியைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"இது சும்மா வெடி வெக்கறதுக்குங்க. ஈரமே ஆகாது. பாத்துக்குங்க."

பிறகு மாப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டார்: "நம்பீருச்சுங்களா?"

அந்த வாய் அவரிடம் யோசனை கேட்பது இதுதான் முதல்முறை. நாச்சிமுத்து நிமிர்ந்து நின்றார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க மாமா. கொஞ்சம் கடுப்பாச் சொல்லுங்க."