மனிஷா 76

1999-ல் மைசூரில் என் மனைவி வசுமதியின் ஆபீசுக்கு இன்டர்நெட் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் முகம் தெரியாதவர்களோடு சாட் செய்வதாக அவளே சொன்னாள்.

"யாரு, ஆம்பளைங்களா?" என்றேன்.

"பேரை மட்டும் வெச்சு எப்படிங்க தெரியும்?" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் எந்த சாட் ரூமுக்குப் போகிறாள், அங்கே என்ன பெயர் என்று பேச்சுவாக்கில் கேட்டுக்கொண்டேன். மறுநாளே சரஸ்வதிபுரத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, 'மனிஷா 76' என்ற பெயரில் அவளோடு சிநேகம் பிடித்தேன். நம்பர் மறந்துவிடுமே என்று அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் துருவித் துருவிக் கேட்டேன். சமையல், மாமியார், முதுகுவலி தவிர ஒன்றும் சிக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவளே முந்திக்கொண்டாள். ஆங்கில எழுத்தில் அவள் தமிழ் திரையில் ஓடியது.

"எங்க வீட்டுக்காரர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில உன் பேரு எழுதின சீட்டு. ஏண்டி, அவருக்கும் உனக்கும் எத்தனை நாளாப் பழக்கம்?"

உண்மையைச் சொன்னால் மனிஷாவை மன்னித்துவிடுவாள். என்னை மன்னிக்க மாட்டாள்.