அப்பா காதில் போட்டுவிடாதீங்க

என் தம்பி மகள், புருஷனோடு மனக்கசப்பாகி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெற்ற தகப்பன் அடுத்த தெருவில் இருக்கிறான். அங்கே போகவில்லை.

"அத்தை, அப்பா காதுல மட்டும் போட்டுடாதீங்க. அடுத்த வாரமே டிவியில வந்துடும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னதில் என்ன தப்பு?

என் தம்பி டிவி தொடர் எழுதுகிறவன், தயாரிப்பும் அவனேதான். தினமும் ஒரு எபிசோடு என்றால் கதைக்கு எங்கே போவான்? வீட்டுக்குள்ளேயே கைவைத்தான். எனக்கும் என் நாத்தனாருக்கும் நடந்த சண்டையை ஒரு வாரம் இழுத்தான். மளிகைக் கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்! நான் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"பேரை மாத்திட்டேனேக்கா!" என்றான்.

பேரை மாற்றினானாம்! என் கொண்டையைக்கூட விட்டுவைக்காமல் ஒரு நடிகைக்குப் போட்டிருந்தான், பாவி.

என் கதை கிடக்கட்டும். அவன் மகள் பள்ளியில் படிக்கும்போது, ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று முதலில் சொன்னது அப்பாவிடம்தான். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு ஒட்டுதல். என் தம்பி அதை, அவள் அழுத அழுகை உட்பட, தொடரில் எழுதிவிட்டான். ரேட்டிங் எகிறியது, ஆபீஸில் கேக் வெட்டினார்கள். பள்ளியில் பிள்ளைகள் அவள் பேசிய பேச்சையே அவளிடம் நடித்துக் காட்டினார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். வேலை, கல்யாணம் எல்லாமே அவனுக்கு வெறும் தகவலாகத்தான் போய்ச் சேர்ந்தன.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே வந்து நின்றான். மாப்பிள்ளை போனில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாராம். முகம் செத்துப்போயிருந்தது.

"தொடரை முடிச்சுட்டேன்க்கா. சேனல்ல இன்னும் ஒரு வருஷம் ஓட்டச் சொன்னாங்க, முடியாதுன்னுட்டேன். இனிமே எழுதவே மாட்டேன். அவளை என்கிட்ட பேசச் சொல்லு."

அவளைக் கூப்பிட்டேன். வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லப்பா. அத்தையைப் பாக்கணும்போல இருந்துச்சு, வந்தேன். நல்லாத்தான் இருக்கேன்."

இந்த மாதிரிப் பேச்சை எத்தனையோ பெண்களுக்கு எழுதிக் கொடுத்தவன் அவன். அர்த்தம் தெரியாதா? மாப்பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று அவன் சொல்லியிருக்கலாம். "சரிம்மா, சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "ராத்திரி தூங்குறாளாக்கா? அதை மட்டும் சொல்லு."

படுக்கையில் உட்கார்ந்தபடியே அவள் விடியவிடிய அழுவது எனக்குத்தான் தெரியும். கூடப் பிறந்தவன் கண்கலங்கி நிற்கிறான். இருந்தும் அதைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.

"நல்லா தூங்குறாப்பா" என்றேன்.