மூன்று படகுகளின் ஆத்தா

பிள்ளையார்பட்டிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த சொந்தக்காரர்கள் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள் பொன்னுத்தாயி. வேனிலிருந்து இறங்கிய ஏழு பேரும் நெற்றி நிறையத் திருநீறும், கையில் தேங்காய் மூடியுமாகப் பக்திப் பழங்களாகத்தான் இருந்தார்கள். கடலில் அடுத்தவன் படகை மறித்து மீனையும் வலையையும் பிடுங்குகிற கூட்டம் இது என்றால் எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்திருப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கே தலைவி, இந்தச் செட்டிநாட்டுப் பெரிய வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற காவல்காரி பொன்னுத்தாயி என்றால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள்.

உண்மை அதுதான். புருஷன் செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் படகுகளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று ஆண்கள் கூடி நின்றபோது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் படகில் ஏறி உட்கார்ந்தவள் அவள். இறங்கச் சொல்ல ஒருவனுக்கும் வாய் வரவில்லை. அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம், மூன்று படகும் அவள் சொல்லுக்குத்தான் ஓடின. மூன்று வருஷத்துக்கு முன் முதுகெலும்பு விலகியது. போலீஸும் கரையில் அவளைத் தேட ஆரம்பித்தது. பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளிக் காரைக்குடியில் வந்து ஒளிந்துகொண்டாள். வீட்டுக்காரி விசாலி ஆச்சி இருப்பது சென்னையில். விளக்கேற்ற ஓர் ஆள் கிடைத்தால் போதும் அவருக்கு. இங்கிருந்துதான் எந்த நாள், எந்தத் திசை என்று உத்தரவு போகும்.

கரையிலிருந்து இடுகிற உத்தரவு கடலில் எத்தனை நாளைக்குச் செல்லும்? அவளுக்கே தெரியும், அது தேய்ந்துகொண்டு வந்தது. தேய்த்தவன் உதயகுமார். நல்ல கடலாளி, நல்ல கை, நாக்கு மட்டும் நீளம். "ஆத்தாளுக்கு வயசாயிருச்சு" என்று அவன் சொன்னதாக நாலு வாய் வழியாக அவள் காதுக்கு வந்தது. வயசாகத்தான் ஆகிவிட்டது, ஐம்பத்தெட்டு. அதைச் சொல்ல இவன் யார் என்றுதான் கோபம்.

அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. மீனை எடு, வலையை எடு, எஞ்சினைத் தொடாதே. எஞ்சின் இல்லாத படகு நடுக்கடலில் மிதக்கும் பாடைதான். அவள் புருஷனே எஞ்சின் பழுதாகி, ஒன்பது நாள் மிதந்து, தாகத்தில் செத்தவன். அவன் உதடு வெடித்துக் கிடந்த கோலத்தை அவள் பார்த்தாள். பார்க்காதவர்களுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது.

போன மாதம் உதயகுமார் அந்தச் சட்டத்தை மீறினான். அண்ணன் தம்பி இருவர் வந்த படகை மறித்து எஞ்சினைக் கழற்றிக்கொண்டு விட்டுவிட்டான். உதயகுமாரோடு அவன் படகில் போயிருந்த சோணைமுத்து, அவள் புருஷனின் பங்காளி, விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, "மதினி, அந்தப் பயலுக செத்துருவானுக" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பொன்னுத்தாயி யோசிக்கவில்லை. கூடத்தில் இருந்த பழைய டெலிபோனை எடுத்துக் கடலோரப் போலீஸுக்கு இடத்தைச் சொன்னாள். பேர் கேட்டார்கள், வைத்துவிட்டாள். பையன்கள் உயிரோடு கிடைத்தார்கள். ஆனால் தேடப் போன போலீஸ் படகின் கண்ணில் இவர்கள் படகு ஒன்றும் பட்டுவிட்டது. அதிலிருந்த கூட்டாளி சின்னக்கருப்பு பிடிபட்டு ஜெயிலுக்குப் போனான்.

இன்று அவள் எல்லாரையும் கூப்பிட்டது உதயகுமாரை அடக்க. அதற்குச் சூடம் வாங்கி வைத்திருந்தாள். இந்தக் கூட்டத்தில் ஒரு விஷயம் உண்டு. திருடுவார்கள், அடிப்பார்கள், போலீஸிடம் கூசாமல் புளுகுவார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துப் பொய்ச் சத்தியம் மட்டும் செய்ய மாட்டார்கள். செய்தால் கண் அவிந்துபோகும், இல்லாவிட்டால் கடல் கொண்டுபோகும். இதில் எவனுக்கும் சந்தேகம் கிடையாது. உதயகுமார் அடிக்க முடியாமல் முழிப்பான், ஆறு பேரும் அவனைக் காறித் துப்புவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

முற்றத்தை ஒட்டிய தூண்களுக்கு நடுவே எல்லாரும் உட்கார்ந்தார்கள். பித்தளைத் தட்டில் சூடம் எரிந்தது.

"உதயகுமாரு, எஞ்சினை நீ கழட்டலேன்னு இதுல அடி."

"எதுக்கு ஆத்தா அடிக்கணும்? கழட்டுனேன்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. மற்ற முகங்களைப் பார்த்தாள். ஒருவனும் துப்பவில்லை. ஒருவன் தரையைப் பார்த்தான், ஒருவன் கொட்டாவி விட்டான்.

"நீங்க மூணு வருசமா கரையில இருக்கீக" என்றான் உதயகுமார். குரலில் மரியாதை இருந்தது, அதுதான் அவளை அதிகம் சுட்டது. "இப்ப எஞ்சினோட விட்டா ஒரு மணி நேரத்துல கரைக்குப் போயி நம்மள அடையாளம் சொல்லிருவானுக. கழட்டுனா சொல்ல ஆள் இருக்காது. இவுகளையே கேளுங்க."

அந்த நேரம் பார்த்து அவள் மடியில் செல்போன் அடித்தது. விசாலி ஆச்சி. அங்கே மழையாமே, இரண்டாங்கட்டில் ஒழுகுதா என்று கேட்டார். ஒழுகவில்லை என்றாள். "வேத்தாளு யாரையும் உள்ள விட்ராத பொன்னு, காலம் கெட்டுக் கெடக்கு" என்றார் ஆச்சி. "சரிங்க ஆச்சி" என்று ஏழு கொள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்து சொன்னாள்.

போனை வைத்து நிமிர்ந்தபோது உதயகுமார் தட்டில் புதுச் சூடம் வைத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப என் கேள்வி ஆத்தா. போலீசுக்குப் போன் போட்டது யாரு? சின்னக்கருப்பு பொண்டாட்டி எங்கிட்ட வந்து அழுகுறா. ஒவ்வொருத்தரா அடிப்போம். நானும் அடிக்கிறேன். நான் போடலை, போட்டது யாருன்னும் எனக்குத் தெரியாது." அடித்தான். அணைந்தது.

காட்டிக்கொடுத்தவனுக்கு என்ன தண்டனை என்று யாரும் கேட்கவில்லை. கடலுக்குக் கூட்டிப் போவார்கள், திரும்பும்போது ஓர் ஆள் குறையும்.

அவனோடு சேர்த்து ஐந்து பேர் அடித்தார்கள். ஆறாவது சோணைமுத்து. உதயகுமார் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சோணைமுத்துவுக்கு அறுபத்து மூன்று வயது. படகில் ஏறும்போதெல்லாம் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன். அவர் பொன்னுத்தாயியைப் பார்க்கவே இல்லை.

"நான் போடலை. போட்டது யாருன்னும் எனக்குத் தெரியாது" என்று சொல்லி ஓங்கி அடித்தார்.

'பாவி மனுஷா, எனக்காகவா?' என்று நினைத்தாள் பொன்னுத்தாயி. முந்தின நொடி வரை, நான்தான் போட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தாள். எத்தனை வருஷம்தான் இந்தப் பயல்களைக் கட்டி மேய்ப்பது? அலுத்துவிட்டது. இப்போது அதுவும் முடியாது. அவள் உண்மையைச் சொன்னால் சோணைமுத்து அடித்தது பொய் என்றாகிவிடும். அவருக்கும் சேர்த்துத்தான் படகு கிளம்பும்.

ஏழாவது ஆளும் அடித்துவிட்டான்.

"நீங்க வேணாம் ஆத்தா" என்று ஒருவன் இழுத்தான். உதயகுமார் சூடத்தைப் பற்றவைத்துத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நான் போடலை" என்று சொல்லிப் பொன்னுத்தாயி அடித்தாள். போட்டவரைத் தெரியாது என்பதையும் சொன்னாள். உள்ளங்கையில் சூடு உறைக்கவே இல்லை.

உதயகுமாரின் முகம் சட்டென்று மாறியது. அவனுக்குச் சூடத்தின் மேல் இருந்த நம்பிக்கை அப்பேர்ப்பட்டது. எழுந்து வந்து காலில் விழுந்தான். "தப்பா நெனச்சுட்டேன் ஆத்தா. உங்க மேலயும் சோணைண்ணன் மேலயும் சந்தேகப்பட்டேன். மன்னிச்சிருங்க. படகெல்லாம் இனிமே உங்க சொல்லுதான். எஞ்சினை மட்டும் இப்பவே சொல்லிருங்க. கழட்டுறதா, விடுறதா?"

ஏழு பேரும் அவளையே பார்த்தார்கள். பொன்னுத்தாயி அந்த முகங்களைப் படித்தாள். வேண்டாம் என்றால் இங்கே தலையாட்டுவார்கள், கடலில் கழற்றுவார்கள். ஒரு தடவை மீறிய உத்தரவுக்கே இன்று இத்தனை பாடு. இரண்டாம் தடவை மீறினால் அவள் இந்த வீட்டு விளக்கேற்றுகிறவள், அவ்வளவுதான். அவள் சொல் நிற்க வேண்டுமானால், அவர்கள் செய்யப்போவதைத்தான் அவள் சொல்ல வேண்டும்.

"கழட்டுங்க" என்றாள்.

"அது பேச்சு" என்று சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்தார்கள். பழைய தைரியம் ஆத்தாளுக்குத் திரும்பிவிட்டது என்று பேசிக்கொண்டே வேனுக்குப் போனார்கள்.

சோணைமுத்து எழவில்லை. எல்லாரும் வாசல் தாண்டும்வரை பொறுத்திருந்தார். பிறகு கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப நான் எதுக்கு மதினி அடிச்சேன்?"

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தெருவில் வேன் ஹாரன் அடித்தது.

"ஏறுங்க கொழுந்தனாரே, கூப்பிடுறாக" என்றாள்.

ஆத்தா உத்தரவு. சோணைமுத்து எழுந்து போனார்.