பிறந்த வீட்டுக் கோடி

சாவு வீட்டு வாசலில் தருமனைப் பார்த்ததும் இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் துண்டால் தட்டிவிட்டு, "உக்காருங்க சார்" என்றார். இத்தனை வயதில் தருமனை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. வாழைத் தோட்டத்தில் மண் அணைக்கிறவனை யார் அப்படிக் கூப்பிடப்போகிறார்கள்? எல்லாம் வேட்டி செய்த வேலை. சரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, தோளில் துண்டு. மூன்றும் உள்ளே கிடத்தியிருக்கும் அவன் தங்கை கலைமகள் வாங்கிக் கொடுத்தவை.

ஆரணியில் பட்டுக் கடை வைத்திருக்கும் குடும்பம் அது. அந்த வீட்டு மகன் வெற்றிச்செல்வன் அவளை விரும்பிக் கட்டிக்கொண்டான். வீடு அவளை விரும்பவில்லை. ஒருமுறை தருமன் வாழைத்தாரும் லுங்கியுமாக வந்து நிற்க, கூலியாள் என்று பின்பக்கம் அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கலைமகள் இந்தத் துணிகளைக் கையில் திணித்து, "இனிமே இத கட்டிகினு வாண்ணா, எனக்காக" என்று கெஞ்சினாள். கூடப்பிறந்தவனுக்கே வேஷம் கட்டுகிறாளா என்று அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. துணி டிரங்குப் பெட்டிக்குள் போனது. அவன் ஆரணிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவள் படுத்த படுக்கையானாள் என்று சேதி வந்தபோதுகூட, நாளைக்குப் போகலாம் என்றுதான் இருந்தான். பாழாய்ப்போன ரோஷம்.

மடியில் மஞ்சள் பை இருந்தது. பைக்குள் ஒரு பச்சைச் சேலை. சுமங்கலியாகப் போகிறவளைப் பிறந்த வீட்டுக் கோடி போர்த்தாமல் எடுக்கும் வழக்கமில்லை. படவேட்டில் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, கண்ணமங்கலத்தில் இறங்கி, கடைக்காரனிடம் "பட்டுதானேப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கி வந்திருந்தான். இதிலாவது அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாது.

எழுந்து உள்ளே போகப் பார்த்தான். அப்போது வெற்றிச்செல்வனின் தம்பி ஜெயவேல், வாசலில் நின்ற கடை ஆளிடம் சொன்னது காதில் விழுந்தது.

"படவேட்டுலேர்ந்து அண்ணியோட அண்ணன் ஒர்த்தன் வருவான். லுங்கிதான் கட்டிகினு இருப்பான். வந்தா பின்னால இட்டுகினு பூடு. பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்துகினு கீறாங்க."

சொல்லிவிட்டுத் தருமன் பக்கம் திரும்பிக் கைகூப்பினான். அவன் அன்றைக்கு லுங்கியைப் பார்த்த அளவுக்கு முகத்தைப் பார்த்திருக்கவில்லை.

"காஞ்சிபுரத்துலேர்ந்து வரீங்களா சார்?"

தருமனின் தலை ஆமாம் என்று ஆடியது. காபி வந்தது. திரும்ப உட்கார்ந்து குடித்தான். சாராக இருப்பது ஒரு நிமிஷம் அவனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. அதுவும் இந்த வாசலில், உள்ளே தங்கையைக் கிடத்தி வைத்திருக்கும்போது. அந்த நினைப்பில் உடம்பே கூசியது.

உள்ளேயிருந்து வெற்றிச்செல்வனின் அக்கா தெய்வநாயகியின் குரல் கேட்டது. "பொறந்த வூட்டுக் கோடி இன்னும் வரல. எம்மா நேரம் வெச்சிகினு இருக்கறது? நம்ம கடையிலேர்ந்தே ஒண்ணு எடுத்தாந்து போட்டுருங்க. அவன் வந்தாலும் என்னாத்த கொண்டாரப் போறான்?"

எழுந்த வேகத்தில் மிச்சக் காபி வேட்டியில் கொட்டியது.

"நான்தாங்க அண்ணன்" என்றான் தருமன். "வந்து நேரமாச்சி."

ஜெயவேல் முதலில் வேட்டியைப் பார்த்தான். பிறகுதான் முகத்தைப் பார்த்தான்.

யாரும் தடுக்கவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. கலைமகள் பாதியாக இளைத்துக் கிடந்தாள். தருமன் பையிலிருந்து சேலையை எடுத்துத் தெய்வநாயகியிடம் நீட்டினான். ஒப்பாரி வைத்துக்கொண்டே வாங்கினாள். ஆரணியில் அழுகிற கையும் துணியைத் தடவிப் பார்த்துவிடும். அவளுடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கரையை ஒருமுறை தேய்த்தன. ஒப்பாரி நின்றது. பக்கத்திலிருந்த பெண்ணும் தேய்த்துப் பார்த்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பட்டுன்னுதாங்க சொன்னான்" என்றான் தருமன்.

"இருக்கட்டும்" என்றாள் தெய்வநாயகி, கோபமே இல்லாமல்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் பச்சைச் சேலையைப் போர்த்தினாள். உடனே அதன்மேல் கடையிலிருந்து வந்த அரக்குப் பட்டு விழுந்தது. அதன்மேல் இன்னொரு பட்டு. பச்சை இருந்த இடம் தெரியவில்லை.

பாடையில் தூக்கி வைத்தபோது மட்டும், கால்மாட்டில் பச்சை முந்தானை ஒரு சாண் வெளியே சரிந்து தொங்கியது. தருமன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தெய்வநாயகி அழுதபடியே குனிந்து, ஒற்றை விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டாள்.